சமுதாயக் கூடம் கட்டிக் கொடுத்தால் பாறை கெட்டியாகிவிடாது

ஆபத்தான கழிவை நிலத்தடிப் பாறைக்குள் புதைக்கும் கிடங்குத் திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் படித்து ஊர்க்காரர்களுக்கு விளக்குவது என் தொழிலில் ஒரு பகுதி. போன வாரமும் அதே போன்: "சார், ஊருக்கு இவ்வளவு செலவு பண்றாங்கன்னா ஏதோ ஆபத்து இருக்குன்னுதானே அர்த்தம்?" இன்னும் சிலர் இதற்கு நேரெதிர்: "ஆஸ்பத்திரியே கட்டித் தர்றாங்க, பாதுகாப்பு இல்லாமலா செய்வாங்க?" எத்தனை கூட்டத்தில்தான் சொல்வது! நலத்திட்டப் பணத்தை வைத்துப் பாதுகாப்பை அளக்கவே முடியாது, கூடுதலாகவும் சரி, குறைவாகவும் சரி.

ஸ்வீடனில் அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைச் சுமார் 500 மீட்டர் ஆழத்தில் புதைக்கும் திட்டத்துக்கு ஓஸ்தம்மார், ஓஸ்கார்ஷாம் என்று இரண்டு நகராட்சிகள் களத்தில் இருந்தன. இடம் முடிவாகுமுன், 2009இலேயே இரண்டு ஊருக்கும் என்னென்ன நலத்திட்டப் பலன் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். மொத்தம் 150 முதல் 200 கோடி குரோனர் வரை. அதில் முக்கால் பங்கு கிடங்கு கிடைக்காத ஊருக்கு! கிடங்கு வரும் ஊருக்குக் கால் பங்குதான். வேலைவாய்ப்பு எப்படியும் அங்கேதானே வரப்போகிறது. பணம் என்பது ஆபத்துக்குக் கொடுக்கும் விலையாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்கும்?

பாதுகாப்பு விசாரணை தனித் தடத்தில் போனது. வேண்டாம் என்று மறுக்கும் அதிகாரம் நகராட்சிக்கு இருந்தது. திட்ட ஆவணங்களைத் தன் பங்குக்கு அலசிப் பார்க்க அணுக்கழிவு நிதியிலிருந்தே அதற்குப் பணமும் வந்தது. ஒப்பந்தம் முடிந்து ஒன்பது ஆண்டு கழித்து, 2018இல், எரிபொருளை அடைத்துப் புதைக்கும் செம்புக் கலன் அரிக்குமா என்ற கேள்விக்குப் பதில் போதவில்லை என்று சுற்றுச்சூழல் நீதிமன்றம் சொன்னது. அரசு அனுமதி 2022இல்தான் கிடைத்தது.

நம் பக்கம்? கூடங்குளம் உலைக்குத் தமிழக அமைச்சரவை பச்சைக்கொடி காட்டிய 2012 மார்ச் 19 அன்றே வட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். கழிவு கடைசியில் எங்கே போகும்? அந்த ஆண்டே கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் அடிபட, கோலார் கொதித்தது. அப்படித் திட்டமே இல்லை என்று அரசுத் தரப்பு பின்வாங்கியது. நிரந்தர ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமையுங்கள் என்று 2013 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை கிடங்கு இல்லை.

எனக்குப் பாறையைவிட, கழிவை அடைத்து அனுப்பும் பெட்டியைப் பற்றித்தான் பயம். பிரான்ஸின் விட்டெல்சைம் ஊரில், மூடவிருந்த பொட்டாஷ் (உர உப்பு) சுரங்கத்தில் 1999 முதல் ரசாயனக் கழிவை இறக்கினார்கள். சுரங்க வேலை போகிற ஊருக்கு மாற்று வேலை, தேவைப்பட்டால் கழிவைத் திரும்ப எடுத்துவிடலாம் என்ற உறுதி. 2002 செப்டம்பரில் உள்ளே தீப்பிடித்தது. அங்கே வரவே கூடாத கழிவு வந்திருந்தது. இறக்கியிருந்த 44,000 டன்னில் பாதரசக் கழிவைப் பெருமளவு எடுத்ததோடு சரி. மிச்சத்தை உள்ளேயே வைத்து அடைப்பது என்று அரசு முடிவெடுத்தது. அதற்கு மேலே இருப்பதோ அந்த வட்டாரமான அல்சாஸின் பெரும் நிலத்தடி நீர்ப்படுகை. 2014இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ உப்புக் கிடங்கில் கதிர்வீச்சு கசிந்ததற்கும் பாறை காரணமில்லை. கழிவுப் பீப்பாயில் ஈரம் உறிஞ்ச, களிமண்வகைப் பூனை மணலுக்குப் (வீட்டுப் பூனையின் கழிவுக்கு வைக்கும் உறிஞ்சு மணல்) பதில் தாவரப்பொருளில் செய்ததைப் போட்டிருந்தார்கள்; அது கழிவோடு வினைபுரிந்து சூடேறிப் பீப்பாய் உடைந்தது. கிடங்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு முடங்கியது.

ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பிரியாணியைப் பற்றிப் பேசாதீர்கள். வாசலில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சோதிப்பது யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். "திரும்ப எடுக்கலாம்" என்றால், எந்த ஆண்டுவரை, யார் செலவில், பணம் எந்தக் கணக்கில் கிடக்கிறது? பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். நலத்திட்டம் ஏதாவது வரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள், தவறே இல்லை. ஆனால் அதை வாங்கினால் எதிர்ப்பை விட்டுவிட வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தயவுசெய்து இன்னொன்று. முதல் துளை போடும் முன்பே உங்கள் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் எடுத்து, திட்டக்காரர்களுக்குச் சம்பந்தமில்லாத பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, அறிக்கையில் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். அது இல்லாமல் பத்து வருடம் கழித்து என்னிடம் வந்தால், தண்ணீர் முன்பு எப்படி இருந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது.