ஒரே ரயிலில் வந்த இரண்டு பேர்

ஹவுராவிலிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றதும் இரண்டு வகையான வங்காளிகள் இறங்குகிறார்கள். ஒருவர் கையில் மருத்துவக் கோப்பு இருக்கும். மற்றவர் தோளில் மூட்டையும் கையில் பிளாஸ்டிக் வாளியும் இருக்கும். முதலாமவரை ஆட்டோ ஓட்டுநர் அவருடைய மொழியிலேயே கூப்பிடுகிறார். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் விடுதிப் பலகைகள் வங்க எழுத்தில் அவரை வரவேற்கின்றன. இரண்டாமவர் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறார். அவருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் "வடக்கன்". முன்னவர் பணம் கொண்டுவருகிறார், பின்னவர் நம் பங்கைப் பிடுங்க வருகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு என்ன செய்கிறது என்பதைத் தொழிலாளர் வழக்கறிஞரான நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணை ரேஷன் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நானும் உடன் போனேன். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "நமக்கே போதவில்லை தம்பி, இவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பது?" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். மாதக் கடைசியில் பருப்பு இல்லை, பாமாயில் இல்லை என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எந்த மாநில அட்டையையும் எங்கும் பயன்படுத்த வழிசெய்யும் "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அந்தப் பெண் கேட்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவருடைய அட்டைக்கு நடுவண் அரசு ஒதுக்கிய தானியம்: ஆளுக்கு மாதம் 5 கிலோ. நம் அட்டைக்குக் கிடைக்கும் பருப்பும் பாமாயிலும் அவருக்குக் கிடையாது; அவர் கேட்கவும் இல்லை. அட்டையில் ஐந்து பேர். மூவர் இங்கே, மாமனாரும் மாமியாரும் ஊரில். இங்கே 15 கிலோ வாங்கிக்கொண்டால் மீதியை முதியவர்கள் அங்கே வாங்கலாம். விற்பனையாளர் இயந்திரத்தில் அட்டை எண்ணைத் தட்டினார், அந்தப் பெண் விரலை வைத்தார், ரசீது வந்துவிட்டது. முந்தைய நாள் மறுக்கப்பட்டதற்கு இயந்திரம் காரணமில்லை.

இதைவிடக் கசப்பானது இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு விஷயம். இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்த ஓர் இளைஞரைப் பற்றி ஒப்பந்ததாரர் என்னிடம், "வெளிமாநில ஆள் சார், அவனுக்கு அதெல்லாம் வராது" என்றார். அந்த இளைஞரின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. சந்தாவாக 0.75 சதவீதம் மாதந்தோறும் பிடித்திருந்தார்கள்! இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் எந்த மாநிலத்தவரானாலும் இ.எஸ்.ஐ.க்கு உரியவர். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். இந்தச் சட்டத்தில் ஊர்ப் பெயருக்கு இடமே இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ. அட்டையைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டால், தமிழ் படிக்கத் தெரியாதவர் யாரிடம் போய்க் கேட்பார்?

2025இல் வட மாநிலங்கள் சிலவற்றில் வங்க மொழி பேசுவோரை வங்கதேசத்தவர் என்று சந்தேகித்துப் பிடித்துவைத்த செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு, மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சாரம் ஏறுகிறார். இதைப் பார்த்தும் நாம் சும்மா இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாமும் அப்படிப் போனவர்கள்தாம். தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக, அன்று வேலூரும் சேர்ந்திருந்த வட ஆற்காட்டு மக்கள் கப்பலேறினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது 1895இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் வேலூரிலேயே இருக்கிறது. மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. அங்கே 2021இல் முதல்வர் அடிக்கல் நாட்டி, புது வீடுகளும் எழுந்துவிட்டன. உதவித்தொகையும் வருகிறது. பேச்சில் அவர்களை யாரும் அந்நியர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் குடியுரிமை இல்லாததால் கடவுச்சீட்டும் அரசு வேலையும் எட்டாது. கொத்தனாருக்கு நாடு இருந்தும் மொழி இல்லை. இவர்களுக்கு மொழி இருந்தும் நாடு இல்லை.

முகாமில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1983இலிருந்து வந்த குடும்பங்களில் இங்கே பிறந்த சிலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். பிறந்த இடத்துக்கும் தேதிக்கும் சான்று வேண்டும். மருத்துவமனைப் பதிவேடும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் உதவும். எந்தத் தாளானாலும் மூலத்தை யாரிடமும் விட்டுவிட வேண்டாம், நகல் போதும்.

அப்படி ஒருவர் இப்போது என்னிடம் வந்திருக்கிறார். 1986இல் இங்குள்ள ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்தவர். அன்றைய பதிவேட்டில் மாவட்டத்தின் பெயர் "வட ஆற்காடு" என்றுதான் இருக்கும். அதைத் தேடி வரும் திங்கட்கிழமை காலை இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம்.