12,000 அடி நடந்தீர்கள், சரி. மூச்சு வாங்கியதா?

கைக்கடிகாரத்தை நீட்டி, “பாருங்க, நேத்து 12,000 ஸ்டெப்ஸ். அப்புறமும் சுகர் ஏன் குறையல?” என்று கேட்காத நடுத்தர வயது ஆண்களைச் சிங்கப்பூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு இயன்முறை மருத்துவராக இதற்கு அலுக்காமல் பதில் சொல்வது சிரமமாகிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்த 12,000 எங்கிருந்து வந்தது? அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை, தேக்கா சந்தையில் மீன் பார்த்தபடி ஊர்ந்தது, வேலையிடத்தில் இங்கும் அங்கும் போனது. வீணில்லை, நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவோ மேல். ஆனால் இதயமும் தசையும் அதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்வதில்லை. 10,000 என்ற எண்ணே 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கப் பிடித்த வியாபார எண்தான். மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல.

நாங்கள் பார்ப்பது நிமிடத்தை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வர வேண்டும். 15 விநாடி எண்ணுங்கள். 25 அடி வைத்திருந்தால் சரி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டை முணுமுணுத்தபடி போக முடிகிறதா? அது உலாத்தல். பிசோப்ரோலால், அட்டெனோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து போடுகிறவர்களுக்குத் துடிப்பு எப்படியும் குறைவாகத்தான் காட்டும். வாட்சைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியக் குறையும். பரோட்டா சாப்பிட்ட இரவில் கட்டாயம்.

நடை மட்டும் போதாது என்றால் பலருக்குக் கோபம் வருகிறது. சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவது தொடை, பிட்டத் தசைகள். வயது ஏற ஏற அவை கரைகின்றன. நடையால் மட்டும் அவற்றைக் காப்பாற்ற முடியாது. வாரம் 2 நாளாவது இதைச் செய்யுங்கள்:

சுவரோடு ஒட்டிய, சக்கரமில்லாத நாற்காலி. கைகளை மார்பில் கட்டி, 3 எண்ணி எழுந்து, 3 எண்ணி உட்காருங்கள். 10 முறை, இரண்டு சுற்று. முழங்கால்கள் உள்பக்கம் சாய்வதும், கடைசியில் ‘தொப்’பென்று விழுவதும்தான் வழக்கமான தப்பு. அப்படி விழுந்தால் தசைக்கு வேலையே இல்லை, முதுகெலும்புக்குத்தான் அடி. எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும்.

பிறகு சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்குதல் 15. சுவரில் கை ஊன்றித் தண்டால் 10. அவ்வளவுதான், ஜிம்முக்குக் காசு கட்ட வேண்டாம்.

ஜப்பான் செருப்போடு (விரலிடைப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு) வேகநடை வேண்டாம், ஐயா. சர்க்கரை இருந்தால் காலணி கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள். மரத்துப்போன காலில் கொப்புளம் வலிக்காது. இன்சுலினோ, கிளிபிசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர், சர்க்கரை திடீரென இறங்கினால் வாயில் போட, சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்கட்டும். புகைமூட்டத்தில் பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடக்கைக்கோ வலி பரவினால், உடனே நில்லுங்கள். ஓய்வெடுத்தும் விடவில்லையென்றால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். ‘வாயுத் தொல்லை’ என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆணுறுப்பின் விறைப்புக் குறைவதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். அங்குள்ள இரத்தக்குழாய்கள் இதயத்துக்குப் போகும் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு முதலில் அங்கே தெரிந்து, சில ஆண்டுகள் கழித்து நெஞ்சில் தெரியலாம். வேகநடை அந்தக் குழாய்களுக்கும் நல்லது. ஆனால் முதலில் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சொல்லி, சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து இணையத்தில் விறைப்பு மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதையும் சேர்த்துப் போட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.