சாம்பிளைப் பார்த்து மட்டும் ஆர்டர் கொடுக்காதீர்கள்

திருப்பூரில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டரைத் துணியிலிருந்து டெலிவரி வரை பின்தொடர்ந்து பார்ப்பவராக வேலை பார்க்கிறேன். சொந்தமாக டி-ஷர்ட் பிராண்டு தொடங்க வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "பீஸ் என்ன ரேட் வரும்?" துணிக்கு எங்கே சாயம் போடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் பணம் தொலைவது பெரும்பாலும் அங்கேதான்.

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி, தையல் யூனிட் ஒன்றில் 800 பீஸ் கருநீல டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். நூலிலிருந்து பேக்கிங் வரை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். சாம்பிள் அருமை. சரக்கு வந்து வெயிலில் பிரித்துப் பார்த்தால், உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை.

விசாரித்தோம். பாதியில் துணி பற்றாமல் போயிருக்கிறது. வேறு மில் நூலை வாங்கி நிட்டிங் போட்டு (துணியாகப் பின்னி), தனி லாட்டாக, அதாவது இன்னொரு தடவையாகச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பஞ்சு மாறினால் சாயம் பிடிக்கும் விதமும் மாறும். தையல்காரர் சாயப்பட்டறையைக் கை காட்டினார், பட்டறைக்காரர் நூலைக் கை காட்டினார். எழுத்தில் எதுவும் இல்லாததால் நஷ்டம் முழுக்கத் தம்பி தலையில் விழுந்தது.

இங்கே ஒரு பனியன் ஒரே கூரைக்குள் உருவாவது அபூர்வம். நூல் ஒரு மில், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க முன்பே அழுத்திச் சுருக்குவது), கட்டிங், தையல், செக்கிங். பாதிக்கு மேல் ஜாப் வொர்க்தான், அதாவது கூலி கொடுத்து வெளியே செய்து வாங்குவது. அதில் தப்பே இல்லை, இந்த ஊரின் பலமே அதுதான். ஆனால் உங்களிடம் பேசுகிறவர் எதைத் தானே செய்கிறார், எதை வெளியே கொடுக்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தயங்காமல் சாயப்பட்டறைக்குக் கூட்டிப் போகிறவரை நான் பாதி நம்பிவிடுவேன். பர்ச்சேஸ் ஆர்டரில் நூலின் கவுண்ட் (நூல் எவ்வளவு மெல்லிசு என்ற அளவு), மில் பெயர், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), உடம்பும் கையும் ஒரே சாய லாட் என்பதை எழுதி வாங்குங்கள்.

துணி வந்ததும், எடையும் சுருக்கமும் பார்க்காமல் வெட்ட விடாதீர்கள். ஜிஎஸ்எம் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும், அது 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜிஎஸ்எம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்துத் துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் சுருக்கம் 5 சதவீதம்.

சாய ரேட் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் எனக்குப் பயம்தான் வரும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி, அதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் செய்யாதவரின் குறைந்த ரேட்டுக்கு ஆறும், அதன் குறுக்கே அணை இருக்கும் ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயியும் விலை கொடுக்கிறார்கள். பட்டறை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு யூனிட்டுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். வாரச் சம்பளம் போடுகிற சின்ன யூனிட்டை மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, அடுத்த ஆர்டரில் தரம் கேட்பது நியாயமில்லை.

அந்தத் தம்பி மறுபடி வந்தார். இந்த முறை 300 பீஸ்தான். அந்த அளவுக்குத் தனியாகச் சாயம் போட வேண்டாம் என்று சொல்லி, ரெடி துணி ஸ்டாக் வைத்திருப்பவரிடம் ஒரே லாட்டில் எடுக்க வைத்தேன். கேட்ட கருநீலம் கிடைக்கவில்லை, கறுப்புதான் கிடைத்தது. ரோல்களை வாசலுக்குத் தூக்கிவந்து, வெயிலில் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்த பிறகுதான் கட்டிங்குக்கு அனுப்பினார்.