எப்போதாவது ஓடும் காருக்கும் புகைச் சான்றிதழ் வேண்டும்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளின் கீழ்த்தளத்தில் உறை போர்த்தி நிற்கும் கார்களின் உரிமையாளர்கள் பலர், மாதம் ஒருமுறை கோயிலுக்கு எடுக்கும் வாகனத்துக்குப் புகைப் பரிசோதனை தேவையில்லை என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார்கள். அப்படியொரு விலக்கு இல்லை. 2008 முதல் நடைமுறையிலுள்ள இப்பரிசோதனை, கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று பார்ப்பதில்லை. பெற்றோல், டீசல் கார்களுக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. முழு மின்சாரக் காருக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஹைபிரிட் வைத்திருப்போர் அச்சலுகையில் தங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

காரை அறவே வீதியில் இறக்குவதில்லை என்றால், அது பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு எழுத்துமூலம் அறிவிக்கலாம். இதில்தான் பலர் அகப்படுகிறார்கள். அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் முன்னரே, பதிவுபெற்ற உரிமையாளரே அதை அறிவிக்க வேண்டும். காரின் பதிவுப் புத்தகம் காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரிலோ, கனடாவிலுள்ள அண்ணனின் பெயரிலோ இருந்தால், அல்லது கார் 'ஓபன் பேப்பரில்' (பதிவைத் தம் பெயருக்கு மாற்றாமல்) வாங்கியதாக இருந்தால், அரைநாள் வரிசையில் நின்ற பிறகே கரும பீடத்தில் அது சிக்கலாக முளைக்கும். பெயர் மாற்றத்துக்கு நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகம் என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டினால் எத்தனையோ பேரின் அலைச்சல் குறையும். அறிவிக்காமல் விட்டால், ஓடாத வருடங்களுக்கும் நிலுவையும் தண்டமும் கட்ட நேரும். அறிவித்தவர்கள் தமது பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் கேட்டு வாங்க வேண்டும். "கோப்பில் போட்டிருக்கிறோம்" என்ற வாய்ச்சொல், அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனபின் செல்லாது.

நெடுநாள் நின்ற கார் பழைய பெற்றோலாலும் சூடேறாத எஞ்சினாலும் பரிசோதனையில் தவறுவது வழக்கம். ஆகவே புதிதாகப் பெற்றோல் நிரப்பி, அரைமணி நேரமாவது ஓட்டிய பின் நிலையத்துக்குள் செல்லுங்கள். டீசல் எஞ்சினை அங்கே உச்ச வேகத்துக்கு முறுக்குவார்கள் என்பதால், ஒயிலையும் டைமிங் பெல்ட்டையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. தவறினால் தரப்படும் தாளிலுள்ள அளவீடுகளை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வெறுமனே "பெயில்" என்று சொன்னால் அவர் தேவையில்லாததையெல்லாம் கழற்றுவார். இவையனைத்தையும் அனுமதிப்பத்திரம் முடிவதற்குச் சில வாரங்கள் முன்னரே தொடங்க வேண்டும், ஏனெனில் முடிந்த பிறகு பரிசோதனைக்காகக் காரை வீதியில் ஓட்டிச் சென்றாலும் பொலிஸார் மறித்துத் தண்டம் எழுதலாம்.