சூட்டு வலியா, பிரசவ வலியா?

எட்டு மாதக் கர்ப்பிணி ராத்திரி பத்து மணிக்கு, “வயிறு கல்லு மாதிரி இறுகுது” என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது சீரகத் தண்ணீர்தான். குடித்துவிட்டுப் படுத்ததும் அடங்கிவிட்டால் சூட்டு வலி. அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். பாட்டிமார் கண்ட இந்தச் சோதனையில் விஷயம் இருக்கிறது. ஆனால் உடம்புச் சூட்டுக்கும் அந்த வலிக்கும் சம்பந்தமில்லை.

கருப்பை ஒரு தசைப் பை. தசை என்றால் சுருங்கத்தான் செய்யும். கர்ப்பகாலத்தில் அவ்வப்போது அது இறுகித் தளர்வதை 1872இல் விவரித்தவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ். டாக்டர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த இறுக்கத்தை, அதாவது நம் சூட்டு வலியை, குறிப்பிடுகிறார்கள். 28ஆம் வாரத்துக்குப் பிறகு இது நன்றாகவே தெரிய ஆரம்பிக்கும்.

இப்படி இறுகியும் ஏன் பிரசவம் ஆவதில்லை? தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. கருப்பைத் தசைச் செல்களும் பிரசவம் நெருங்கும்வரை அப்படித்தான், ஒரு பக்கம் இறுகும்போது இன்னொரு பக்கம் சும்மா இருக்கும். அவற்றை அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். நாள் நெருங்கும்போது ரத்தத்தில் அதன் அளவு பெரிதாகக் குறைவதில்லை, அதன் பேச்சுதான் எடுபடாமல் போகிறது. செல்களுக்கு இடையே நுண்ணிய இணைப்புகள் நிறைய முளைக்கின்றன. ஒன்றில் கிளம்பும் மின்துடிப்பு பக்கத்துச் செல்லுக்கும் பாய்கிறது. அப்புறம் மொத்தக் கருப்பையும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது.

அதன்பின் நடப்பது ஒரு சுழற்சி. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்தும். அந்தச் சேதி மூளைக்குப் போய் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது கருப்பையை இன்னும் பலமாகச் சுருங்க வைக்கும், தலை இன்னும் அழுத்தும். அதனால்தான் நிஜ வலி வர வர நெருங்குகிறது, கூடுகிறது. படுத்தாலும் நடந்தாலும் விடுவதில்லை. பலருக்கு முதுகில் ஆரம்பித்து முன்பக்கம் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக அப்படியே வந்துகொண்டிருந்தால் கிளம்பிவிடலாம். இரண்டாவது பிரசவம் என்றால் இன்னும் முன்னதாகவே, ஏனென்றால் அது வேகமாக நடக்கும். சூட்டு வலிக்கோ கணக்கே கிடையாது. வரும், போகும்.

சரி, சீரகத் தண்ணீர்? உடம்பில் நீர் குறைந்தாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் சூட்டு வலி எட்டிப் பார்க்கும். எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்து, ஒரு டம்ளர் குடித்து, இடது பக்கமாகச் சாய்ந்தால் அடங்குவதில் ஆச்சரியமில்லை. என் கணக்கில் பெருமை சீரகத்துக்கு அல்ல, தண்ணீருக்கும் ஓய்வுக்கும்தான்.

கடைசி வாரங்களில் “வயிறு இறங்கிருச்சு” என்பார்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்குவதுதான் அது. மூச்சு வாங்குவது குறையும், நெஞ்செரிச்சலும் கொஞ்சம் அடங்கும்; பதிலுக்கு பாத்ரூமுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

சில சமயம் எந்தச் சோதனையும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்: பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியோடு கண் மங்கினால்.

37 வாரம் நிறையும் முன் வலி சீராக வந்தாலும் அப்படியே. குழந்தையின் நுரையீரலில் உள்ள காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழவழப்பான பொருள், பெரும்பாலும் 34, 35ஆம் வாரத்தில்தான் போதிய அளவுக்குச் சேர்கிறது. முன்கூட்டிப் பிறக்கும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு அந்த நுரையீரலைச் சீக்கிரம் தயார்ப்படுத்தலாம். நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இல் நிரூபித்த வழி இது. ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் எட்டாம் மாதத்து வலியை ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல், தமிழ்நாட்டில் என்றால் ராத்திரியே 108ஐக் கூப்பிட்டுவிடலாம்.