முதல் குண்டு மட்டும் ஏன் மேலே போகிறது? ஏர் ரைபிளின் வேகமும் டெல்டாவின் ஈரக்காற்றும்

சென்ற ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி தம் மகளுடன் தஞ்சாவூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிய பெட்டிக்குள் அந்த மாணவியின் ஏர் ரைபிள், அதாவது 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கி, இருந்தது. போட்டிக்கு ஐந்து வாரமே மீதம் இருந்த நேரம் அது. பத்துக் குண்டு கொண்ட ஒவ்வொரு தொடரிலும் முதல் குண்டு மட்டும் மேலே ஏறி விழுகிறது, மற்ற ஒன்பதும் ஒழுங்காக நடுவில் சேர்கின்றன என்பது மாணவியின் குறை. "மூச்சைச் சரியா நிறுத்தலன்னு கோச் சொல்றாருங்க சார். ஆறு மாசமா மூச்சுப் பயிற்சிதான் பண்ணுது புள்ள. எனக்கென்னவோ மெஷின்லதான் கோளாறுன்னு படுது" என்றார் தந்தை.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை வைத்து, ரைபிளை மேசைத் தாங்கியில் பொருத்தி நானே சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டு நொடிக்கு 179 மீட்டர். அடுத்து வந்த ஒன்பதும் 170, 171 என்ற இரண்டு எண்களுக்குள் நின்றன. 2 நிமிடம் காத்திருந்து சுட்டால் 172, 10 நிமிடம் காத்திருந்தால் 175, அரை மணி நேரம் காத்திருந்தால் 178. அந்தப் பெண்ணின் மூச்சில் எந்தக் குறையும் இல்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிட்டன. ஆறு மாதம் ஒரு பிள்ளை தன்மீதே சந்தேகப்பட்டுக்கொண்டு பயிற்சி செய்திருக்கிறாள் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இதை எழுதத் தூண்டியதும் அந்த வருத்தந்தான்.

நொடிக்கு 5 மீட்டர் வித்தியாசம் பெரிய விஷயமா என்று பலர் கேட்கிறார்கள். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பினால் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் கீழிறங்குகிறது. 175 மீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. ஆக, கை அசையாமல், பார்வை பிசகாமல், ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டாலும் குண்டு 1 மில்லிமீட்டர் மேலே விழும். பத்தாம் வளையத்தின் புள்ளியே அரை மில்லிமீட்டர் விட்டம் உடையது. பத்துக்கு மேற்பட்ட தசமப் புள்ளி ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டரில் மாறுவதால், அந்த 1 மில்லிமீட்டருக்குள் 0.4 புள்ளி போய்விடலாம். 60 குண்டுகளுக்கு 654 என்பது உச்ச மதிப்பெண்ணாக இருக்கும் இந்தப் போட்டியில், இறுதிச் சுற்றுக்குத் தேறுவதும் தேறாமல் போவதும் அதைவிடச் சிறிய இடைவெளியிலும் தீர்மானமாவதுண்டு.

ரைபிளில் குண்டைத் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதன்வழி குண்டின் வேகத்தை, ஒரே அளவில் வைத்திருப்பது ரெகுலேட்டர் என்ற பாகம். அந்தச் சொல் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆற்றின் தலைப்பில் ஷட்டர் வைத்துக் கட்டிய மதகையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம். மேட்டூரில் 120 அடி நீர் நின்றாலும் 90 அடி நின்றாலும் வாய்க்காலுக்கு அளவாகவே தண்ணீர் போக வேண்டுமானால், மதகடியில் ஓர் ஆள் நின்று ஷட்டரை ஏற்றியும் இறக்கியும் வர வேண்டும். ரைபிளுக்குள் அந்த ஆளின் வேலையை ஒரு சிறிய பிஸ்டனும், அதைத் தாங்கி நிற்கும் கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர்களும் செய்கின்றன. காற்றை அடைத்து வைத்திருக்கும் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்கலாம், 100 பார் இருக்கலாம். ரெகுலேட்டருக்கும், சுடும்போது காற்றைத் திறந்துவிடும் வால்வுக்கும் நடுவில் உள்ள சிற்றறையில், எடுத்துக்காட்டாக, 75 பார் மட்டுமே சேர வேண்டும். அந்த அளவு சேர்ந்ததும் காற்றே பிஸ்டனைத் தள்ளி, சீட் எனப்படும் சிறிய இருக்கையின் துளையை அடைத்துவிடுகிறது. சுட்டதும் அறையில் அழுத்தம் இறங்குகிறது, வாஷர்கள் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகின்றன, துளை திறக்கிறது, அறை மீண்டும் நிரம்புகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் இது ஒருமுறை நடக்கிறது. இந்த அடைப்பு எவ்வளவு துல்லியமாக நிகழ்கிறதோ அவ்வளவு சீராக வேகம் இருக்கும்.

பிழை இரண்டு விதமாக வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சீட்டில் தழும்போ தூசியோ இருந்தால் துளை முழுவதும் அடைபடாமல் காற்று மெல்லக் கசிந்து, 75 பார் நிற்க வேண்டிய அறையில் நேரம் ஆக ஆக 78, 80 என்று ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் கிரீப் என்கிறோம். காத்திருக்கும் நேரம் கூடக்கூட வேகம் படிப்படியாக மாறுவது இதன் அடையாளம். மற்றது, ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் காய்ந்தோ வாஷர்கள் துருப்பிடித்தோ பிஸ்டன் ஒட்டிக்கொள்வது. அப்போது 10 நிமிடம் கழித்துச் சுட்டாலும் மறுநாள் சுட்டாலும் முதல் ஓரிரு குண்டுகள் மட்டும் ஒழுங்கில்லாமல் போய், பிறகு தானாகச் சீராகிவிடும். கிரீப் உள்ள எல்லா ரைபிளிலும் முதல் குண்டு வேகமாகவே போகும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். வால்வை மூடிப் பிடித்திருப்பதே அந்த அறையின் அழுத்தந்தான் என்பதால், வால்வை அடித்துத் திறக்கும் ஹேமரின் ஸ்பிரிங் தளர்வாக உள்ள ரைபிளில் அழுத்தம் கூடியதும் வால்வு குறைவாகத் திறந்து முதல் குண்டு மந்தமாகப் போவதும் உண்டு.

மாணவியின் ரைபிளில் இருந்தது கிரீப். காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகு சிலிண்டரைத் திருகிக் கழற்றியபோது, கழுத்து மரையிலிருந்து ஒரு துளி நீர் என் கட்டைவிரலில் விழுந்தது. வெறும் நீர் அல்ல, தேநீர் நிறத்தில் இருந்தது. ரெகுலேட்டரைப் பிரித்து சீட்டை லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தேன். பிஸ்டன் முனை வந்து அமரும் வட்டத் தடத்தின் மேல், எள்முனையிலும் சிறிய ஒரு துருச் சில்லு பதிந்து கிடந்தது. வாஷர்கள் இருக்கும் பக்கம் ஒரு நுண்துளை வழியாக வெளிக்காற்றோடு தொடர்புடையது என்பதால், அங்கும் பழுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. உள்ளிருந்து ஈரம், வெளியிலிருந்து ஈரம்.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நம் ஊர்க் காற்று அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. 200 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் வெளிக்காற்று தேவைப்படுகிறது. அதற்குள் உள்ள நீர் ஒரு கிராமுக்குச் சற்று மேல். அழுத்திச் சுருக்கிய பின் அதே காற்றால் சில மில்லிகிராமுக்கு மேல் ஆவியாக வைத்துக்கொள்ள முடியாது. எஞ்சியது பம்பிலும் குழாயிலும் வடிகட்டியிலும் நீராக இறங்க வேண்டும். அங்கே பிடிக்கப்படாவிட்டால் சிலிண்டருக்குள் இறங்கும். மாணவி பயிற்சி பெறும் இடத்தில் கம்ப்ரஸரின் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை.

ஆகவே கம்ப்ரஸர் வைத்திருப்போர், நிரப்பும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை வடிகால் வால்வைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். ஈரம் உறிஞ்சும் குருணையை மழைக்காலத்தில் வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். கைப்பம்பு பயன்படுத்துவோர் ஒரே மூச்சில் அடிக்காமல், இடையிடையே பம்பை ஆறவிட்டு நீரை வடிக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது நிரப்புவதை ஒரு நாள் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால், கோடையிலும் இந்தக் கவனம் தேவை.

இந்த இடத்தில் ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றூர்களில் காற்று நிரப்ப வசதி இல்லாததால், வெல்டிங் பட்டறையிலோ மருத்துவப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் சிலிண்டரிலிருந்தோ ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன், சிறிது கிரீஸோ ரப்பரோ கிடைத்தாலும் பற்றி வெடித்துவிடும்; கன்னத்தை ஒட்டி வைத்துச் சுடும் கருவி அது. இதே காரணத்தால்தான் தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றை அழுத்தக் காற்று படும் பாகங்களில் இடுவதும் ஆபத்து. சாதாரணக் காற்றிலும் அவை பற்றிக்கொள்ளக் கூடும். தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸை, அதையும் பூச்சாக மட்டும், பயன்படுத்துங்கள். 200 பார் என்பது கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. காற்று உள்ளே இருக்கும்போது எந்தத் திருகையும் கழற்றாதீர்கள். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள்; அதைக் கடப்பதற்குள் மாற்றும் பொறுப்பு வீரருடையது என்றே சர்வதேசப் போட்டி விதிகளும் சொல்கின்றன.

இனி, பெரும்பாலோர் முதலில் கை வைக்கும் இடத்திற்கு, அதாவது ஹேமர் ஸ்பிரிங் திருகுக்கு வருகிறேன். வேகம் சீராக இல்லை என்றதும் அதை இறுக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்திருக்கிறேன். ரெகுலேட்டரின் அழுத்தத்தை மாற்றாமல் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து குண்டு சுட்டுச் சராசரியைக் குறித்துப் பாருங்கள். 158, 163, 167, 170 என்று ஏறிவரும் வேகம், ஒரு கட்டத்தில் 171, 171 என்று மேடு கட்டி நின்றுவிடும். அதற்கு மேல் இறுக்கினால் காற்றுதான் வீணாகும், வால்வும் தேவையில்லாத அடி வாங்கும். மேடு தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே, இந்த எடுத்துக்காட்டில் 169க்கும் 170க்கும் நடுவில், திருகை நிறுத்துவதே என் வழக்கம். அங்கே ஹேமர் அடிக்கும் விசையில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. அறையின் அழுத்தம் ஓரளவு கூடினாலும், வால்வு சற்றுக் குறைவாகத் திறந்து அதை ஈடுகட்டிக்கொள்கிறது. ஆனால் ரெகுலேட்டரில் கிரீப் இருக்கும்போது இந்தத் திருகைத் தொடுவது, மதகு ஒழுகும்போது வாய்க்கால் கரையை உயர்த்துவதற்குச் சமம். வேகத்தைக் கூட்டுவது இந்த வேலையின் நோக்கமே அல்ல. 0.53 கிராம் குண்டு 170 மீட்டர் வேகத்தில் சென்றால் 7.7 ஜூல் அளவில் ஆற்றல் இருக்கும், காகித இலக்குக்கு அது தாராளம். 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கியானாலும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும் என்பதை, திருகைக் கையில் எடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அளவீடே தவறாக இருந்து ரைபிள் பழி சுமந்த கதைகளும் உண்டு. ஒளி உணரி வகைக் குரோனோகிராஃபை டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்தால், விளக்கின் சிமிட்டல் எண்களைக் குழப்பிவிடும். சன்னலோரப் பகல் வெளிச்சமோ, கருவியோடு வரும் விளக்கோ நல்லது. குழல் முனைக்கு மிக அருகில் வைத்தால் குண்டுக்கு முன்னே பாயும் காற்றே உணரியைத் தூண்டிவிடக் கூடும். ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். குறைந்தது பத்துக் குண்டு, ஒரே டப்பாவிலிருந்து, ஒரே இடைவெளியில் சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

குண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தலை விட்டம் மாறினால் வேகமும் மாறும். பாவாடை எனப்படும் பின்புற விளிம்பு நசுங்கிய குண்டை ஒதுக்குங்கள். திறந்து வைத்த டப்பாவில் ஈயத்தின் மேல் வெண்பொடி படர்ந்திருந்தால் அதைப் போட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். ஈயம் நஞ்சு என்பதால் கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

மாணவியின் ரைபிளுக்குப் புதிய சீட், ஓ-ரிங்குகள், வாஷர்கள் போட்டு, சிலிண்டரை உலர்த்தி, உலர்ந்த காற்றை மெதுவாக நிரப்பி ஓர் இரவு அப்படியே வைத்தேன். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடேறி 200 பார் காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கசிவு என்று எண்ணிப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை முதல் குண்டு 171. அரை மணி நேரம் கழித்து 170. இருபது குண்டுகளில் மிகக் குறைந்தது 169, மிக அதிகம் 172. எடை பார்த்துப் பிரித்த குண்டுகளில் அந்த இடைவெளியும் 2 ஆகக் குறைந்தது. மாணவி தானே சுட்ட முதல் தொடரில் பத்தும் ஒரே குவியலாக விழுந்தபோது, தந்தை பேசவில்லை. தோளில் கிடந்த துண்டால் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

இப்போது அந்த மாணவி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வுக்கு முன் பத்தும், அரை மணி ஓய்வுக்குப் பின் ஒன்றுமாகச் சுட்டு, எண்களை நோட்டில் எழுதிப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். அதே பக்கத்தின் ஓரத்தில் கம்ப்ரஸரின் வடிகட்டியை மாற்றிய தேதியும் இருக்கும். கார்த்திகையில் வந்த படத்தில் ஓய்வுக்குப் பின் சுட்ட குண்டு 170. மார்கழியில் வந்ததில் 173 என்று இருந்தது, ஓரத்தில் தேதி மாறவே இல்லை. வடிகட்டியை மாற்றிவிட்டு ரைபிளைப் பொங்கலுக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.