ஜியோமெம்பிரேன்: சவ்வா, பாயா?

திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கம் தேரி எனும் செம்மணல் மேடுகளில் தண்ணீர் நிற்காது. அங்கே பண்ணைக்குட்டை வெட்டினால் அடியில் கறுப்பு ஷீட் விரித்தாக வேண்டும். அதற்கு ஏட்டுப் பெயர் ஜியோமெம்பிரேன்.

'ஜியோ' கிரேக்கத்தில் மண். 'மெம்பிரேன்' லத்தீனிலிருந்து வந்தது. உடலுறுப்பை மூடிய மெல்லிய தோல். இரண்டையும் சேர்த்து 1977-இல் இச்சொல்லை உருவாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஜிரூ.

'புவிச்சவ்வு' என்று தமிழாக்குகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் எனக்கு இடிக்கிறது. சவ்வு என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடுபரவல்தான் நினைவுக்கு வரும். அது சிலதை உள்ளே விடும். இது எதையும் விடக்கூடாது.

சுரங்கத்தில் இதற்குப் பாடு அதிகம். செம்பைக் கரைத்தெடுக்க, தாதுவைக் குவித்துக் கந்தக அமிலம் தெளிப்பார்கள். தங்கத் தாது என்றால் சுண்ணாம்பு கலந்த சயனைடு கரைசல். அத்தனையும் வடிந்து வந்து நிற்பது இந்த ஷீட்டின்மேல். பெரும்பாலும் எச்.டி.பி.இ. எனும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், ஒன்றரை முதல் 2 மி.மீ. கனம்.

அமிலம் இதை அசைக்காது. கழிப்பறை கழுவும் ஆசிட் வருகிற கேனும் இதே இனம்தானே! டீசலோ மண்ணெண்ணெயோ ஊறினால் உப்பி இளகும். அதைவிடப் பெரிய பகை வெப்பமும் ஆக்சிஜனும். ஷீட்டில் கலந்த காப்புப் பொருள் முதலில் தீரும். அப்புறம் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, மடிப்பிலும் இணைப்பிலும் கீறல் விடும். மொட்டைமாடியில் கிடந்த கலர் வாளி, கை பட்டதும் பொடிப்பொடியாக உதிரும் பாருங்கள், அந்தக் கதிதான். வெயிலுக்கு அணைகட்டத்தான் 2 முதல் 3 சதவீதம் கரித்தூள். கறுப்பு நிறம் அதனால்தான்.

ஆகவே 'வேதி எதிர்ப்பு' வேறு, 'வேதித் தாங்குதிறன்' வேறு. முன்னது இன்று அரிக்கிறதா என்று கேட்கும்; பின்னது எத்தனை வருஷம் என்று கேட்கும்.

சரி, பெயருக்கு வருவோம். டார்பாலினை நாம் 'தார்ப்பாய்' ஆக்கிக்கொண்டோம். அந்த வழியில் 'கசிவுத்தடுப்புப் பாய்' என்பேன்; நீர் பாயாமல் தடுக்கும் பாய். பத்தமடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

எச்.டி.பி.இ.யில் பசை ஒட்டாது. விளிம்புமேல் விளிம்பு வைத்து, சூட்டில் உருக்கித்தான் இணைப்பார்கள். அதை 'ஒட்டு' என்று எழுதுவது தப்பு. கைலியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பதை 'மூட்டுவது' என்கிறோமே, 'மூட்டு' என்றே எழுதலாம்.